உப்புக் காற்றும் மோட்டார் பெட்டியும்

புதுச்சேரியில் விடுதி அறைகளை முன்பதிவு செய்யும் இணையதளம் ஒன்றில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். சனிக்கிழமை இரவு கட்டணக் கணக்கில் பிழை வந்தால், விடிவதற்குள் திருத்தி ஏற்றிவிடுவோம். பெரும்பாலான விருந்தினர்களுக்கு அது தெரியவே தெரியாது.

அதே பழக்கத்தோடுதான் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் நண்பர் தொடங்கிய நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைக் கைப்பேசியிலிருந்து இயக்கும் பெட்டியைச் செய்தோம். தண்ணீர் வற்றினால் அது மோட்டாரைத் தானே நிறுத்தவும் வேண்டும்.

கோடையில் நாற்பது பெட்டிகளைப் பொருத்தினோம். ஒரு குறையும் இல்லை. மார்கழியில் கடலூர் கடலோரத்தில் இருக்கும் தாழங்குடா பக்கத்து விவசாயி ஒருவர் அழைத்தார். "தம்பி, தண்ணீர் இல்லாமலே மோட்டார் ஓடியிருக்கிறது. உள்ளே சுற்றியிருக்கும் கம்பிக் காயில் எரிந்துவிட்டது." கடலை விதைத்த நேரம். அவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கிணற்றில் தொங்கும் இரு மின்முனைகளுக்கு இடையே தண்ணீர் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். அதை வைத்துத்தான் தண்ணீர் இருப்பதைப் பெட்டி அறிகிறது. பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் போர்டில் பாகங்களை ஈயத்தால் பற்றவைக்கும்போது ஃப்ளக்ஸ் என்ற பசை படியும்; அதை நாங்கள் கழுவாமல் விட்டிருந்தோம். அதன்மேல் கடலோர உப்பும் பனி ஈரமும் சேர, போர்டிலேயே அதே அளவு மின்சாரம் கசிந்தது. வறண்ட கிணற்றிலும் தண்ணீர் இருப்பதாகப் பெட்டி முடிவு செய்தது.

எவ்வளவு மின்னோட்டம் பாய்ந்தால் தண்ணீர் இருப்பதாகக் கொள்வது என்ற வரம்பை மென்பொருளில் மாற்றிவிடலாம் என்றே முதலில் நினைத்தேன். மூன்று இரவுகள் முயன்றேன். விடியலில் கசிவு கூடியது, நண்பகலில் குறைந்தது. எந்த எண்ணும் நிற்கவில்லை. கடைசியில் நாற்பது பெட்டிகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் கொண்டுவந்தோம். போர்டுகளை ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, ஈரம் புகாத பூச்சுப் பூசினோம். கழுவாமல் பூசினால் அழுக்கு உள்ளேயே அடைபட்டுப் போகும். அந்த விவசாயிக்குக் காயில் கட்டிய செலவை நிறுவனமே கொடுத்தது. காய்ந்த பாத்திகளுக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை.

"முதலில் வெளியிடுவோம், பிறகு திருத்துவோம்" என்ற பேச்சை இணையதள வேலையில் நானே பலமுறை பேசியிருக்கிறேன். அங்கே அது சரிதான். அடுத்தவர் வயலில் நிற்கும் பொருளுக்கு அதைச் சொல்ல இப்போது எனக்கு வாய் வராது.

இப்போது பெட்டியின் ஒவ்வொரு புது வடிவமும் கடலூர் கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில், ஐப்பசி முதல் தை வரை தொங்குகிறது. அதுவரை விற்பனை கிடையாது. சம்பளமும் வாடகையும் கையிருப்பிலிருந்துதான் போகின்றன. முதலீடு கேட்டுப் போகும்போது அந்த நான்கு மாதங்களைப் பற்றித்தான் முதலில் சொல்கிறோம்.