வெள்ளிக்கிழமை கிளம்பிய பெட்டி

ஒன்பது பேருடைய தசைத் துணுக்குகள் வீணாய்ப் போய்விட்டன. ஃப்ரீசர் கெடவில்லை, கரண்ட் போகவில்லை. பெட்டியை வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூரியரில் போட்டேன், அவ்வளவுதான். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நான் ஆராய்வது மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்ற பரம்பரைத் தசை நோய், முதல் வகை. ஒன்றைப் பிடித்தால் கை லேசில் விடாது. டி.எம்.பி.கே. மரபணுவின் வால்பக்கம் சி.டி.ஜி. என்ற மூன்றெழுத்து, மற்றவர்களுக்கு 5 முதல் 34 தடவை வரும். இவர்களுக்கு 50-ஐத் தாண்டும், சிலருக்கு ஆயிரத்துக்கும் மேல். இது 1992-லேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த இடம் புரதமாக மாறுவதே இல்லை. அங்கிருந்து நகலாக வரும் ஆர்.என்.ஏ.தான் உட்கருவுக்குள் முடிச்சாகி, எம்.பி.என்.எல். என்ற புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அது பார்க்க வேண்டிய ஸ்ப்ளைசிங், அதாவது ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் வேலை கெட்டு, தசையின் குளோரைடு வாசல் சரியாக அமைவதில்லை; பிடித்த கை விடாததும் அதனால்தான். கோளாறு தசையில் இருப்பதால் எனக்கு இரத்தம் போதாது. தசை வேண்டும், அதில் ஆர்.என்.ஏ. சிதையாமல் வேண்டும்.

நெறிமுறைக் குழு அனுமதிக்கே நான்கு மாதம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதி, வேறொருவரை விட்டு அதை மறுபடி ஆங்கிலமாக்கி, சான்றோடு வைக்க வேண்டும். நான் பாடப்புத்தக நினைப்பில் ‘ரைபோ கரு அமிலம்’ என்று எழுதியிருந்தேன். மொழிபெயர்த்த புண்ணியவான் அந்தக் ‘கரு’வைச் சிசுவாக்கிவிட்டார். கூட்டத்தில் ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “கருவை எல்லாமா எடுக்கப் போறீங்க தம்பி?” என்று கேட்டார். அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து. பேசாமல் ‘ஆர்.என்.ஏ.’ என்றே எழுதுங்கள். டி.என்.ஏ. ஒரிஜினல் பத்திரம், இது அதன் ஜெராக்ஸ் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், எல்லாருக்கும் புரிகிறது.

கையெழுத்துப் போட்ட ஓர் அம்மாவுக்குப் பேனா விரலை விட்டு வரவில்லை. இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்து, “எதைப் புடிச்சாலும் இப்படித்தான் தம்பி” என்று பேனாவை நீட்டினார்.

ஊசியால் தசைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி சிக்கலில்லாமல் முடிந்தது. துணுக்குகளைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்தோம்.

பிறகு, சோதனை செய்யும் ஆய்வகத்துக்குக் கூரியர். புதன்கிழமை போனேன். ட்ரை ஐஸுக்கு (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) ஒன்பதாம் வகுப்பு ஆபத்துப் பொருள் லேபிள் இல்லை, யு.என். 1845 என்று எழுதவில்லை, ஐஸ் எத்தனை கிலோ என்று பெட்டியின் மேல் போடவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் சரிசெய்துகொண்டு வியாழக்கிழமை போனால், கடிதத்தில் துறையின் சீல் இல்லையாம். இதை முந்தின நாளே சொல்லியிருக்கக் கூடாதா? வெள்ளி மாலை ஒருவழியாக வாங்கிக்கொண்டார்கள். “நாளைக்கே போயிடும் சார்.”

போய்ச் சேர்ந்ததும் உண்மைதான். சனிக்கிழமை அந்த ஆய்வகத்தில் ஆள் இல்லை. பெட்டி வாட்ச்மேன் அறையில் இரண்டு ராத்திரி இருந்தது. திங்கள் காலை போனில், “எல்லாம் நல்லா இருக்கு, துளி ஈரம் இல்லை” என்றார்கள். எனக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. ட்ரை ஐஸ் உருகித் தண்ணீராகாது, அப்படியே ஆவியாகிவிடும். உள்ளே காய்ந்து கிடந்தால் ஐஸ் மிச்சம் என்று அர்த்தமில்லை, முழுக்கத் தீர்ந்தும் போயிருக்கலாம். உறைந்த தசை இளகினால், உடைந்த செல்களிலிருந்து ஆர்.என்.ஏஸ் நொதிகள் கிளம்பி இருப்பதையெல்லாம் வெட்டித் தள்ளிவிடும். ஆர்.என்.ஏ. எவ்வளவு சிதையாமல் இருக்கிறது என்று காட்டும் ஆர்.ஐ.என். மதிப்பெண் பத்துக்கு மூன்றைக்கூட ஒன்றும் எட்டவில்லை.

மறுபடி குழுவிடம் திருத்தம், மறுபடி நோயாளிகளின் வீடு. ஒருவருக்கு ஒருமுறை ஊசி குத்துவதே பெரிய விஷயம். ஆறு பேர்தான் சம்மதித்தார்கள். அந்த அம்மா மட்டும், “போன தடவை ஜெராக்ஸ் சரியா விழலையா?” என்று கேட்டுவிட்டு இந்த முறை பென்சில் கேட்டார். பேனாவில்தான் போட வேண்டும் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது.

இந்த முறை எங்கள் லேப் டெக்னீஷியன் அண்ணன் பேச்சைக் கேட்டேன். நைட்ரஜன் வேண்டாம், ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் காக்கும் ஆர்.என்.ஏ. லேட்டர் கரைசலில் போடு, துணுக்கு அரை சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது, இல்லையென்றால் கரைசல் உள்ளே இறங்காது, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அப்புறம் ஃப்ரீசர். ஐஸ் தீர்ந்தாலும் சில நாள் தாங்கும் என்றார். இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். அவர் இரண்டு மேசை தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

திங்கள் காலை அனுப்பினேன். வாங்குகிறவர் நம்பரோடு வாட்ச்மேன் நம்பரையும் வாங்கி வைத்திருந்தேன். செவ்வாய் மதியம் பிரித்தார்கள். ஆறில் மிகக் குறைந்த மதிப்பெண் 7.4. ட்ரை ஐஸ் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததாம்.