வீடு ஒரு மாவட்டம், பள்ளிக்கூடம் இன்னொரு மாவட்டம்: கம்பஸ் விண்ணப்பத்தில் பட்ட பாடு

பொருளியல்தான் படிப்பது என்று ஓ.எல். (சாதாரணதரப் பரீட்சை) முடிந்த கையோடு முடிவெடுத்துவிட்டேன். உயர்தரத்தில் பொருளியல், கணக்கீடு, வணிகக் கல்வி மூன்றையும் எடுத்தேன், ரியூசன் போனேன், பாஸ் பேப்பர் செய்தேன், சோதனையும் எழுதினேன். அதுவரை எல்லாம் சுகம். பெறுபேறு வந்த பிறகுதான் அலைச்சல் தொடங்கியது.

எங்கள் வீடு பரந்தன் - முல்லைத்தீவு வீதியில், கிளிநொச்சி மாவட்டம் முடிகிற இடத்துக்குக் கிட்ட. வீடு முல்லைத்தீவுக்குள், படித்த பள்ளிக்கூடம் கிளிநொச்சிக்குள். சைக்கிளில் போய்வரும் தூரம்தான். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் அது பெரிய தூரம். வணிகம், முகாமைத்துவம் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டக் கோட்டாவுக்கு, மீதி 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகிறது. இரண்டு மாவட்டமும் பின்தங்கிய பட்டியலில்தான் இருக்கின்றன, பிறகு எது என்றால் என்ன என்று ஊரில் சொல்வார்கள். நம்பவேண்டாம். வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி, மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளியில் ஒரு பின்னம் கூடிக் குறைந்தாலே துறை மாறிவிடும், கம்பஸும் மாறிவிடும்.

வதிவிடச் சான்றிதழை விதானையார் (கிராம அலுவலர்) உடனே எழுதித் தந்தார். அதில் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும். அங்கேதான் சிக்கியது. மேசையில் இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “தங்கச்சி, நீங்கள் அங்கதானே படிச்சனீங்கள், அங்க போய் எடுங்கோ” என்றார். சரியென்று பஸ் ஏறி மற்றப் பக்கத்து அலுவலகத்துக்குப் போனால், “வீடு எங்கட பிரிவில இல்லையே பிள்ளை” என்றார்கள். அவர்கள் சொன்னது நியாயம். திரும்பி வந்தபோது முதல் ஆள் வெளிக்களத்துக்குப் போய்விட்டாராம், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. அம்மா கச்சான் விற்கும் கடையை அன்று பூட்டிவிட்டு என்னோடு வந்திருந்தா. அந்த நாள் வருமானத்தை யாரிடம் கேட்பது?

காரியத்தை முடித்துத் தந்தவர் எங்கள் அதிபர்தான். எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை எந்த வகுப்பில் படித்தேன் என்று பள்ளிக்கூடத் தலைப்புத் தாளில் எழுதி, முத்திரை குத்தித் தந்தார். அதோடு வாக்காளர் இடாப்பில் எங்கள் வீட்டுப் பெயர்கள் உள்ள பக்கத்தின் பிரதியையும் கொண்டுபோய், மேசையில் நிற்காமல் நேரே உதவிப் பிரதேச செயலாளரிடம் கொடுத்தேன். அவர் இரண்டையும் ஒருமுறை பார்த்தார், ஒப்பமிட்டார். தேநீர் ஆறுவதற்குள் முடிந்த வேலை! எல்லையோரத்தில் இருக்கும் பிள்ளைகள் இந்த இரண்டு தாளையும் பெறுபேறு வரும் முன்பே எடுத்து வையுங்கள். பல்கலைக்கழக அனுமதிக் கையேட்டில் மாவட்டம் பற்றிய பகுதியையும் நீங்களே வாசியுங்கள். கொம்யூனிகேஷன் கடைக்காரர் சொல்வதை வைத்து நிரப்பவேண்டாம்.

அடுத்தது பெயர். 2009இல் இடம்பெயர்ந்தபோது என் பிறப்புப் பத்திரம் தொலைந்து, மீள்குடியேறிய பிறகுதான் புதுப் பிரதி எடுத்தார்கள். வன்னியில் பாதிப் பேருக்கு இதே கதைதான். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எடுத்து இணைத்தேன். இதை ஓ.எல். காலத்திலேயே பார்த்துவிடுவது நல்லது, உயர்தர அனுமதி அட்டையில் ஏறிய பிறகு இழுபறிதான்.

விண்ணப்பத்தில் துறைகளைப் போடும் தெரிவு ஒழுங்கில் எனக்கும் ஒரு ஆசிரியருக்கும் சின்னச் சண்டை. கிடைக்கக்கூடியதை முதலில் போடு என்றார் அவர். நான் கேட்கவில்லை. போன வருட வெட்டுப்புள்ளி போன வருடத்துக்குத்தான். உங்கள் புள்ளி எட்டுகிற தெரிவுகளில் மேலே இருப்பதைத்தான் தருவார்கள், ஆகவே விரும்புவதை மேலே போடுவதில் நட்டமே இல்லை. கலைப்பீடம் வழியாகப் பொருளியல் சிறப்புப் பட்டம் போகலாம், வணிகப் பக்கம் போயும் பொருளியல் படிக்கலாம், இரண்டும் வேறு வேறு பாதை. எனக்கு வவுனியா கிடைத்தது, பம்பைமடுவில் உள்ள வணிகக் கற்கைகள் பீடம். 2021 ஓகஸ்டில்தான் அது யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனிப் பல்கலைக்கழகமானது. விரிவுரை ஆங்கிலத்தில் என்பதால் முதல் செமஸ்டர் தலை சுற்றியது, பிறகு பழகிவிட்டது.

கடைசியாக, பட்டப்படிப்போடு செய்யும் தொழிற்பயிற்சி. வீட்டிலிருந்து போகலாமே என்று கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கிளையில் கேட்டேன். “ஹெட் ஒபிஸ்ல கேட்டுச் சொல்லுறம்” என்றார்கள், இன்றுவரை சொல்லவில்லை. வேறொரு நிதி நிறுவனம் எடுத்தது. முதல் கிழமைகள் கோப்பு அடுக்குவதும் போட்டோ கொப்பி எடுப்பதும்தான். பஸ் காசுகூடத் தரவில்லை. கடன் விண்ணப்பங்களை எக்செலில் ஏற்றித் தரட்டுமா என்று நானாகக் கேட்ட பிறகுதான் உருப்படியான வேலை வந்தது. சிறுபோகத்துக்கு (ஆண்டின் நடுவில் வரும் நெற்செய்கைக்கு) வாங்கிய கடன் எந்த மாதம் திரும்புகிறது, எந்த மாதம் தவறுகிறது என்று அதில்தான் கண்டுகொண்டேன், அறிக்கையும் அதை வைத்தே எழுதினேன்.

பயிற்சிக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயத்தில் கவனம். கம்பஸ் தரும் பயிற்சிக் கடிதத்தைப் பொதுவாக எழுதாமல், கிளை முகாமையாளரின் பதவிக்கு, தொடங்கும் முடியும் திகதிகளோடு கேட்டு வாங்குங்கள். பயிற்சிக் குறிப்பேட்டில் கிழமைக்குக் கிழமை ஒப்பம் எடுங்கள். எங்கள் முகாமையாளர் இடையில் மாற்றலாகிப் போனார். என்னோடு இருந்த பெடியன் முழுதையும் கடைசியில் எடுக்கலாம் என்று விட்டு, ஒப்பத்துக்காக அநுராதபுரம் வரை பஸ் ஏறினான்.