வாடா வீட்டில் என் சுண்டுவிரல்

ஜப்பானில் தகாயாமா என்ற ஊரில், குசகாபே என்ற பழைய வியாபாரக் குடும்பத்து வீட்டு வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றியபோதுதான் பார்த்தேன். இடது கால் சாக்ஸைக் கிழித்துக்கொண்டு கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிப்ரவரி மாதக் குளிர் வேறு.

பக்கத்தில் மாமா, அதாவது என் மாமனார். பாலமும் கட்டடமுமாக முப்பது வருடம் அரசு எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகோயாவில் எங்களோடு ஒரு மாதம் தங்க வந்திருந்தார். கோட்டை, கோயில், பூங்கா எல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். "நல்லாருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. ஆணி அடிக்காமல் கூரை போட்ட வீடெல்லாம் இருக்கிறது மாமா என்றதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனைவிக்கு ஆபீஸ். நாங்கள் இருவர் மட்டும் காலையில் ஹிடா எக்ஸ்பிரஸ் ஏறினோம். இருட்டில், விளக்குப் போடாமல், கையில் அகப்பட்ட சாக்ஸை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அதன் பலன் இது.

மருமகனின் கட்டைவிரலை மாமனார் பார்க்கக்கூடாது. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் சாக்ஸைத் திருகி ஓட்டையை உள்ளங்கால் பக்கம் தள்ளிவிட்டேன்.

குசகாபே குடும்பம் அந்தக் காலத்தில் ஷோகன், அதாவது ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர், அரசுக்குப் பணப் பட்டுவாடா பார்த்த குடும்பம். 1875இல் ஊரையே தின்ற தீயில் வீடு போய், 1879இல் இப்போதுள்ள வீட்டைக் கட்டினார்கள். ஷோகன்கள் ஆண்ட அந்த எடோ காலத்தில் தகாயாமா ஷோகனின் நேரடி ஆட்சியில் இருந்த ஊர். கையில் எவ்வளவு காசு இருந்தாலும் வியாபாரிகள் ஹினோகி போன்ற உயர்ந்த மரத்தில் வீடு கட்டக்கூடாது என்று தடை இருந்ததாம். ஷோகன்கள் போய்ப் பேரரசர் மெய்ஜியின் ஆட்சி வந்ததும் தடை போயிற்று. குசகாபேக்காரர்கள் ஒரு தலைமுறை ஆசையையும் சேர்த்து வைத்து ஹினோகியிலேயே இழைத்துவிட்டார்கள். கட்டிய தச்சர் கவாஜிரி ஜிசுகே. பெயரைப் படித்துச் சொன்னதும் மாமா பழைய சகாவைப் பற்றிக் கேட்டதுபோல் தலையை ஆட்டினார்.

அப்புறம் அவர் செய்ததுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. தூணைச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்துவிட்டார். "ஒரு சாண், நாலு விரல்கடை. மாப்பிள்ளை, குறிச்சுக்குங்க." அங்கிருந்த அம்மாள் சிரித்த முகத்தோடே, ஆனால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாமாவைத் தடுப்பதா, காலை மறைப்பதா? பத்தடி நடந்ததில் ஓட்டை சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

இந்த ஊர்ப் பகுதிக்கு ஹிடா என்று பெயர். ஆயிரத்து முன்னூறு வருடங்களுக்கு முன்பே தலைநகரத்துக்கு வரிக்குப் பதிலாகத் தச்சர்களை அனுப்பிய நாடு. கிராமத்துக்குப் பத்துப் பேர் என்று கணக்கு. இதைச் சொன்னதும் மாமா, "எங்க காலத்துல இது இருந்திருந்தா என்னையே அனுப்பிட்டு வரியை மிச்சம் பிடிச்சிருப்பா உங்க அத்தை" என்றார்.

பக்கத்திலேயே யோஷிஜிமா வீடு. சாக்கே என்ற அரிசி மது காய்ச்சிய குடும்பம். வாசலில் தேவதாரு இலைக்கொத்தை உருண்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். சாக்கே காய்ச்சும் வீட்டுக்கு அடையாளம் அது. இதுவும் 1905இல் எரிந்து 1907இல் எழுந்த வீடுதான். உள்ளே போனால் அண்ணாந்துதான் நிற்க வேண்டும். உயரத்துச் சன்னல் வழியாக வெளிச்சம் இறங்கி, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் உத்திரங்களில் பட்டு, எண்ணெய் தேய்த்த முதுகுபோல மின்னுகிறது. மாமா வாய் திறந்தபடி நின்றார். அந்த இடைவெளியில் நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய், இடது சாக்ஸை வலது காலிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டுக்கொண்டேன். இப்போது ஓட்டை சுண்டுவிரல் பக்கம் வந்துவிடும். சுண்டுவிரலை யார் பார்க்கப் போகிறார்கள்! எஞ்சினியர் வீட்டு மாப்பிள்ளையாயிற்றே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, காலைப் பார்த்தபடியே அடுத்த அறைக்கு நடந்தேன். நிலைச்சட்டம் நெற்றியில் மோதியது. நான் ஐந்தடி பதினோரு அங்குலம். அந்தக் கால ஜப்பானியர் என்னை மனதில் வைத்துக் கட்டவில்லை. தடுமாறி வாசற்படியை வேறு மிதித்துவிட்டேன். அங்கேயும் வாசற்படியை மிதிக்கக்கூடாது. வீட்டுத் தலைவன் தலையில் கால் வைத்ததற்குச் சமம் என்பார்கள். ஐந்தடி இரண்டங்குல மாமா குனியாமலே நடந்து வந்து, "பாத்து மாப்பிள்ளை, மரம் பழசு" என்றார்.

ஜப்பானில் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் சாக்ஸ் கிடைக்கும். அடுத்து பார்க்க வேண்டிய ஷிராகவாகோ கிராமத்துக்கு பஸ் கிளம்பிப் பத்து நிமிடம் ஆனபிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

ஐம்பது நிமிடப் பயணம். இறங்கினால் எங்கும் பனி, நடுவே வைக்கோல்போர் மாதிரி வீடுகள். கும்பிடும் கைகள்போலக் கூரை இருப்பதால் காஸ்ஷோ வீடு என்று பெயர். 1995இல் உலகப் பாரம்பரியச் சின்னமான கிராமம்.

"இதுல எந்த வீட்டுக்குப் போறோம்?"

"வாடா வீடு மாமா."

மாமா நின்றுவிட்டார். "என்னது?"

"வாடா. அது அவங்க குடும்பப் பேரு."

"சரி சரி. மரியாதை அப்புறம், முதல்ல வீட்டைப் பாப்போம்."

வாடா குடும்பம் ஊர்த் தலைமை பார்த்தது. வெடியுப்பு வியாபாரத்தில் சம்பாதித்தது. வெடிமருந்துக்கான உப்பை இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு அடியிலேயே விளைவித்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் குழி தோண்டி, மண், செடிதழை, பட்டுப்புழு எச்சம், மனித மூத்திரம் எல்லாம் சேர்த்து வருடக்கணக்கில் ஊறப்போடுவார்களாம். மாமா மூக்கைச் சுருக்கித் தரையை ஒருமுறை முகர்ந்தார். ஒன்றும் வரவில்லை. இன்றும் அந்தக் குடும்பம் வீட்டின் ஒரு பகுதியில் குடியிருக்கிறது. நாம் சாக்ஸோடு நடப்பது யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் என்ற கூச்சம் எனக்கு இரட்டிப்பாயிற்று.

மாடிதான் விசேஷம். பட்டுப்புழு வளர்த்த இடம். கீழே எரியும் அடுப்பின் புகை மேலேறிக் கூரைப் புல்லைப் பூச்சியிலிருந்து காக்கும். கூரைச் சரிவு அறுபது டிகிரி. கயிறும் முறுக்கிய மரக்கிளையும் கொண்டு கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெரிய சாய்மரங்களின் அடிநுனியைப் பம்பரம்போலச் சீவி உத்திரத்துக் குழியில் நிறுத்தியிருந்ததைக் கண்டதும் மாமா துள்ளினார். "பின் ஜாயிண்ட்! காத்தடிச்சா, பனி விழுந்தா அசைஞ்சு கொடுக்கும், உடையாது. பாருங்க மாப்பிள்ளை, இங்க வாங்க!"

என்னால் போக முடியவில்லை. சாக்ஸின் பிரிந்த நூல் தரைப் பலகைச் சிலும்பில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் ஓட்டை பெரிதாகிறது. நின்றால் பின்னால் ஏணிப்படியில் ஒரு சுற்றுலாக் கூட்டமே காத்து நிற்கிறது. "சுமிமாசென்", மன்னிக்கணும் என்று ஆளுக்கொரு முறை சொன்னேன். மாமா திரும்பி வந்து, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நூலைப் பல்லால் கடித்து அறுப்பாரோ என்று பயந்தேன். நல்லவேளை, நகத்தாலேயே விடுவித்தார். மூன்று விரல்கள் வெளியே நின்றன.

ஒன்றும் சொல்லவில்லை. கீழே வந்தோம், ஷூ போட்டோம், பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவர் மகளிடமிருந்து போன்.

"ஆமாம்மா, பாத்தாச்சு. நல்ல வேலைப்பாடு. அறுபது டிகிரி கூரை, ஒரு ஆணி கிடையாது." என் பக்கம் ஒரு பார்வை. "மாப்பிள்ளைக்கு சாக்ஸும் கிடையாது."