கெர்னல் எண்ணை நம்பிப் போய் வந்த கதை

இணைய இணைப்பே இல்லாத ஓர் அலுவலகத்தின் சர்வரில் எங்கள் மென்பொருளை நிறுவித் தரும் பொறுப்பு சென்ற மாதம் எனக்கு வந்தது. வெளியிலிருந்து உள்ளே நுழைய வழியில்லாததால் பென்டிரைவோடு நேரில்தான் போக வேண்டும். அதற்கும் ஒவ்வொரு முறையும் தேதியிட்ட அனுமதிக் கடிதம் வேண்டும். ஆகவே முன்கூட்டியே அங்கிருந்த ஊழியரைத் தொலைபேசியில் அழைத்து, கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிப்பு எண்ணைக் காட்டும் ‘யூநேம் -ஆர்’ கட்டளைக்கு வரும் விடையைப் படிக்கச் சொன்னேன். 5.4.0 என்று தொடங்கும் எண்ணைப் படித்தார். லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவின் 20.04 பதிப்பு வெளிவந்தது 5.4 கெர்னலுடன்தான் என்பதால், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் 20.04-இலேயே கம்பைல் செய்து (நிரலை இயங்கும் கோப்பாக மாற்றி) எடுத்துச் சென்றேன்.

நிறுவும் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. இயக்கியதும், நிரல்கள் ஓடத் தேவையான அடிப்படை நூலகமான ‘ஜிலிப்சி 2.29’ கிடைக்கவில்லை என்ற பிழையோடு மென்பொருள் நின்றுவிட்டது. சந்தேகப்பட்டு, உபுண்டு பதிப்பைக் காட்டும் ‘எல்எஸ்பி_ரிலீஸ் -ஏ’ கொடுத்தால், அப்படியொரு கட்டளையே இல்லை என்று பதில் வந்தது. மிகக் குறைந்த தொகுப்புகளோடு நிறுவிய சர்வர்களில் அதை நம்பிப் போகாதீர்கள். பிறகு, பதிப்பு விவரம் உள்ள கோப்பைத் திறந்துகாட்டும் ‘கேட் /இடிசி/ஓஎஸ்-ரிலீஸ்’ கொடுத்தபோதுதான், திரையில் உபுண்டு 18.04 என்று வந்தது. அதில் இருப்பது ஜிலிப்சி 2.27, என் கையிலிருந்த கோப்பு அங்கே ஓட வாய்ப்பே இல்லை. அன்றைய பயணம் வீண். கடிதத்துக்கும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று.

18.04 முதலில் வந்தது 4.15 கெர்னலுடன். ஆனால் புதிய வன்பொருள்களும் இயங்க வேண்டும் என்பதற்காக, 20.04-இன் 5.4 கெர்னலையே 18.04-இலும் போட்டுக்கொள்ள உபுண்டு வழி வைத்திருக்கிறது. ‘யூநேம்’ கெர்னலை மட்டுமே சொல்லும், அதன்மேல் எந்த உபுண்டு இருக்கிறது என்பதைச் சொல்லாது. டாக்கர் கன்டெய்னருக்குள் (ஒரே கணினியில் நிரலைத் தனியே பிரித்து ஓட்டும் ஏற்பாடு) கேட்டாலும் வெளியே உள்ள கணினியின் கெர்னலைத்தான் காட்டும். ‘-ஆர்’ என்பதற்குப் பதிலாக ‘-ஏ’ என்று கேட்டிருந்தால், அந்த நீண்ட வரியின் நடுவே ‘~18.04.1-உபுண்டு’ என்ற துண்டு தென்பட்டிருக்கும். ஓர் எழுத்தை மாற்றிக் கேட்காததால் ஒரு நாள் போனதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

இரண்டாம் முறை 18.04-இலேயே கம்பைல் செய்து கொண்டுபோனேன், உடனே ஓடியது. அங்கிருந்த ஒரு விண்டோஸ் கணினி, அலுவலகப் பதிவேட்டில் ‘விண்டோஸ் 10’ என்று குறிக்கப்பட்டிருந்ததால், இம்முறை நானே பதிப்பு எண்ணைக் காட்டும் ‘வெர்’ கட்டளை கொடுத்துப் பார்த்தேன். வந்த எண் 10.0.22631 என்று தொடங்கியது. முதலில் நிற்கும் 10-ஐப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூன்றாம் பகுதி 22000 அல்லது அதற்கு மேல் இருந்தால், மேசைக்கணினியைப் பொறுத்தவரை அது விண்டோஸ் 11. விண்டோஸ் தன் அமைப்பு விவரங்களைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள பெயர்கூட ‘விண்டோஸ் 10 ப்ரோ’ என்றே இருந்தது. ‘சிஸ்டம்இன்ஃபோ’ என்ற கட்டளை மட்டுமே சரியான பெயரைச் சொன்னது.

கிளம்பும் முன், உபுண்டு 18.04-க்கான பொது ஆதரவு 2023 மே மாதத்தோடு முடிந்துவிட்டது என்பதை அந்த அலுவலகப் பொறுப்பாளரிடம் எழுத்தில் கொடுத்தேன். சர்வரை மாற்றுவதற்கு நாள் குறித்திருக்கிறார்கள்.