என்டர் தட்டுனா அடுத்த கட்டத்துக்குப் போகணும்

அக்டோபர் 12, 2024

நேத்து ஆயுத பூஜை. ஏலக்கா ஸ்டோர்ல, அதான் பச்சைக்காய காய வைக்கிற எடத்துல, டிரையர், தராசு, சல்லடைன்னு வரிசையா பொட்டு வச்சுட்டு வந்த மாமா, மூலையில துணி மூடிக் கெடந்த பழைய கம்ப்யூட்டரையும் விடல, மானிட்டர் நட்ட நடுவுல சந்தனத்த அப்பிட்டு "மாப்ள, இதுல நம்ம காய் கணக்கு போடுற மாதிரி ஏதாச்சும் பண்ணேன், சும்மாதான இருக்க"ன்னாரு. சும்மாதான் இருக்கேன், உண்மைதான்.

நாங்க இருக்கறது இடுக்கில புத்தடி பக்கம். சாயங்காலம் சின்ன தோட்டக்காரங்க பச்சைக்காய் கொண்டாந்து எடை போட்டுட்டு போவாங்க, ராத்திரி பூரா டிரையர் ஓடும், காலையில காஞ்ச காய அளந்து குடுத்து பச்சை கிலோ கணக்குல கூலி வாங்கணும். அவ்ளோதான் கணக்கு. இதுக்கு நெட்டெல்லாம் வேணாம், துலா மழைக்கு இங்க கரண்டே நிக்காது. பைத்தான் மொழியில ஜன்னல், பட்டனெல்லாம் வரையற டிகிண்டர் கூடவே வருதுல்ல, போதும்.

அக்டோபர் 13

கூடவே வருதுன்னு நேத்து பெருமையா எழுதுனேன், இன்னைக்கு மொத வரியிலயே அப்படி ஒரு மாட்யூலே இல்லன்னுடுச்சு. இந்த கம்ப்யூட்டர்ல இருக்க உபுண்டு லினக்ஸ்ல அத தனியா பிரிச்சு வச்சிருக்காங்க, பைத்தான்3-டிகேங்கிற பேக்கேஜ தனியா போடணும். போட்டதும் ஜன்னல் வந்துருச்சு. மூஞ்சி மட்டும் அந்தக் காலத்து மூஞ்சி. வராம என்ன செய்யும், டிகிண்டருக்கு அடியில இருக்க டிகேயே 1991ல வெளிவந்தது, ஜான் ஔஸ்டர்ஹவுட் பெர்க்லில இருந்தப்ப தன்னோட டிசிஎல் மொழிக்காக செஞ்சது, பைத்தான் அத அப்படியே வாங்கி வச்சிருக்கு. அதுலயே மூஞ்சி மாத்தறதுக்குன்னு இருக்க டிடிகேல 'கிளாம்' தீம் போட்டேன், லேசா பவுடர் பூசுன மாதிரி ஆச்சு. கட்டத்த அடுக்கற ரெண்டு முறையான பேக்கையும் கிரிட்டையும் ஒரே ஃபிரேமுக்குள்ள கலந்து வச்சு ஒரு தடவ திட்டும் வாங்குனேன்.

அக்டோபர் 14

பைத்தான்3ல ஃபங்ஷனுக்கு தமிழ்லயே பேர் வைக்கலாம், அதனால 'சேமி'ன்னு வச்சேன். பட்டன்ல, அமுக்குனா எத ஓட்டணுங்கற கமாண்டுக்கு நேரா சேமி() போட்டுட்டேன், பிராக்கெட்டோட. ஓட விட்டா யாரும் தொடாமலே சேமிச்சு முடிச்சிருச்சு, அப்புறம் எத்தன தடவ அமுக்குனாலும் கல்லு மாதிரி நிக்குது. பிராக்கெட் போட்டா அப்பவே கூப்புட்டுருது, பட்டனுக்குப் போறது அது திருப்பிக் குடுத்த ஒண்ணுமில்லாதது. பேர மட்டும் குடுக்கணும். இது எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் அரை மணி நேரம் போச்சு.

அக்டோபர் 16

மாமாவ உக்கார வச்சு காட்டுனேன். கண்ணாடிய ஏத்தி விட்டு உத்துப் பாத்துட்டு "யார்ரா மாப்ள இந்த பயெர்?"ங்கறாரு.

பெயர்னுதான் நான் அடிச்சது. லினக்ஸ்ல டிகே ஒவ்வொரு குறியையும் வந்த வரிசையிலயே வரைஞ்சுட்டுப் போயிருது, நம்ம எழுத்துல கொம்பு முன்னாடி வந்து நிக்கணுங்கறது அதுக்குத் தெரியல. பகரத்தோட கொம்பு பின்னாடி போயி யகரத்துக்கு முன்னாடி உக்காந்துருது, 'பயெர்' ஆயிருச்சு. எடைல இருக்க ஐகாரம் டகரத்துக்குப் பின்னாடி அனாதையா நிக்குது. ஃபாண்ட் மாத்திப் பாத்தேன், அதே கதை.

கடைசில தலைப்பு எழுத்தையெல்லாம் லிப்ரே ஆபீஸ்ல அடிச்சு பிஎன்ஜி படமா எடுத்து லேபிள்ல ஒட்டிட்டேன். ஒட்டுனா வெறும் கட்டம், படத்தக் காணோம்! ஃபங்ஷனுக்குள்ள படத்த ஏத்துனா, ஃபங்ஷன் முடிஞ்சதும் யாரும் வேணாம்னு விட்ட பொருள்னு நெனச்சு பைத்தான் அத கூட்டிப் பெருக்கிருது. லேபிள்ட்டயே ஒரு ஓரத்துல புடிச்சு வச்சுக்கன்னு குடுத்தப்புறம் தெரிஞ்சுச்சு. ஆளுங்க பேர் அடிக்கிற பேச்சே வேணாம்னு விட்டுட்டேன், மாமாவோட பழைய பேரேட்டுல எல்லாருக்கும் நம்பர் இருக்கு, அதையே போட்டுக்கலாம்.

அக்டோபர் 20

இன்னைக்குத்தான் நெஜமான காய் கணக்கு. நம்பர் போட்டாரு, பச்சை எடை 64.5 போட்டாரு, என்டர் தட்டுனாரு. ஒண்ணும் நடக்கல. என்டர் தட்டுனா அடுத்த கட்டத்துக்குப் போற மாதிரி நான் ரிட்டர்ன் கீய பைண்ட் பண்ணித்தான வச்சிருந்தேன், நான் தட்டுனா போகுது அவரு தட்டுனா போகல. கைய கவனிச்சாத்தான் வெளங்குச்சு, அவரு தட்டுறது வலது ஓரத்து நம்பர் பலகைல இருக்க என்டர், லினக்ஸ்ல அதுக்கு கேபி-என்டர்னு வேற பேரு, தனியா பைண்ட் பண்ணணும். பண்ணேன். மௌஸ தொடவே மாட்டேங்கறாரு மனுசன், இடது கையில சாக்க புடிச்சுக்கிட்டு வலது கையாலயே மொத்தமும்.

அக்டோபர் 21

சேமி அமுக்குனா அமுங்குது, ஆனா கணக்கு ஏறல. எர்ரரும் இல்ல. எர்ரர் எப்படித் தெரியும், பட்டனுக்குள்ள எது வெடிச்சாலும் டிகிண்டர் அத கமாண்ட் அடிக்கிற டெர்மினல்ல கக்கிட்டு ஜன்னல ஒண்ணும் ஆகாத மாதிரி ஓட விடும், மாமா ஐகான்ல தொறந்தா டெர்மினலே கெடையாது. டெர்மினல்ல ஓட்டிப் பாத்தா காலிக் கட்டத்த தசம எண்ணா மாத்த முடியலன்னு கெடக்கு. சாயங்காலம் ஏது காஞ்ச எடை, காய் இன்னும் டிரையருக்குள்ளயே போகல! ரெண்டு எடையும் ஒரே நேரத்துல கேட்டது என் முட்டாள்தனம், ஸ்டோர்லயே வளந்துட்டு. இப்ப சாயங்காலத்துக்கு ஒரு ஃபார்ம், காலைக்கு பட்டியல்ல ஆள எடுத்து காஞ்ச எடை மட்டும். இன்னொண்ணு, அஞ்சு கிலோ பச்சைக்கு தோராயமா ஒரு கிலோ காஞ்சதுதான் வரும், நாலுல ஒரு பங்குக்கு மேல போட்டா "சரியா பாத்தீங்களா மாமா"ன்னு மெசேஜ் பாக்ஸ் கேக்கும். 13க்கு பதிலா 31 போட்டு மொத நாளே மாட்டுனாரு.

நவம்பர் 2

தீபாவளிக்கு மறுநாள்லேர்ந்து நான் பக்கத்துல இல்லாமலே ஓட்டறாரு. கரண்ட் போனா பில் புக்குல எழுதிக்கிறாரு, வந்ததும் ஏத்திர்றாரு. இன்னைக்கு காய் கொண்டாந்த ஒரு சேட்டன் மானிட்டர எட்டிப் பாத்து "இதில் மலையாளம் இல்லே?"ன்னு கேக்க, மாமா என்னைய பாக்காமலே "நாளைக்கு வந்துரும் சேட்டா"ன்னுட்டாரு. உக்காந்து இன்னும் நாலு பிஎன்ஜி செஞ்சிட்டிருக்கேன்.