தடைக்காலத்தில் ராமேசுவரம்: இரண்டு பிள்ளைகள், ஒரு மாமியார், இரண்டு கடல்

நேற்று இரவுதான் திருச்சி வந்து சேர்ந்தோம். பைகளை இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன் என்றால் அந்த ஆட்டோக்காரர்தான் காரணம். அவரிடம் அப்புறம் வருகிறேன். "எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம், எவ்வளவு ஆகும்னு வரிசையா எழுதிக் குடுக்கா" என்று தங்கை கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் அவளும் கைக்குழந்தையோடு கிளம்புகிறாள். வரிசையாக வருமா தெரியாது.

நான், வீட்டுக்காரர், அத்தை, ஆறு வயதுப் பெரியவள், இரண்டரை வயதுச் சின்னவன் என்று ஐந்து பேர். அக்னி நட்சத்திரத்தில் ராமேசுவரம் போகலாம் என்று யார் முடிவு செய்தது என்ற பேச்சு வீட்டில் இன்னும் ஓயவில்லை. (அத்தைதான். வேண்டுதல்.)

திருச்சியில் காலை ஏழு மணி வாக்கில் கிளம்பும் ரயில். காரைக்குடி, மானாமதுரை, பரமக்குடி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சின்னவன் தூங்கினான், அது போதும். மண்டபம் தாண்டியதும் இரண்டு பேரையும் ஜன்னலோரம் பிடித்து நிறுத்தினேன். நான் சின்னப் பிள்ளையாகப் போனபோது இருந்தது 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம். அதில் ரயில் ஊர்ந்துதான் போகும், கீழே எட்டிப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் ரயில் பாட்டுக்கு ஓடிவிட்டது. 'கடல் பாரு, கடல் பாரு' என்று சொல்லி முடிப்பதற்குள் பாம்பன் வந்துவிட்டது. நடுவில் ஒரு பகுதி லிஃப்ட் மாதிரி மேலே போகும் என்று வீட்டிலேயே சொல்லிவைத்திருந்தேன். அதைத் தூக்கிக் காட்டவில்லை என்று பெரியவளுக்குக் கோபம். கப்பல் வந்தால்தான் தூக்குவார்கள் என்றேன். "அப்போ கப்பலை வரச் சொல்லு" என்றாள்.

லாட்ஜ் விஷயம் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஏசி அறை ஒரு நாளைக்கு 2,400 ரூபாய். கோயிலுக்கு மூன்று நிமிட நடை என்றார்கள். இடுப்பில் பிள்ளையோடு பதினோரு நிமிடம் ஆனது, கடிகாரம் பார்த்துத்தான் சொல்கிறேன். அக்னி தீர்த்தத்தில் குளிக்கிறவர்கள் கழற்றிவிட்ட துணிகள் காலில் சுற்றும். அங்கே பிள்ளைகளை இறக்கவில்லை. கோயிலுக்குள் 22 தீர்த்தத்திலும் குளிக்க அத்தையும் அவரும் போனார்கள். ஈரத் தரை, நெரிசல், தலையில் வாளி வாளியாகத் தண்ணீர். சின்னப் பிள்ளைகளுக்கு அது சரிப்படாது. நான் இரண்டு பேரையும் பிரகாரத்தில் ஓடவிட்டேன். 1,212 தூண் இருக்கும் மூன்றாம் பிரகாரத்தில் கண்ணாமூச்சி விளையாடினால் பொழுது போவதே தெரியாது. செலவும் இல்லை.

சரி, ஆட்டோக்காரர். "தனுஷ்கோடி போக வர 900 ரூபா சார், எல்லா இடமும் காட்டிருவேன்" என்று சிரித்துக்கொண்டேதான் ஏற்றினார். காலை ஆறு மணிக்கே போய்விட வேண்டும் என்பது என் திட்டம். அத்தை தீர்த்தம் முடித்து, தரிசனம் முடித்து, இட்லி முடித்து ஏறும்போது மணி பத்தே முக்கால். தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனையில் சாலை முடிகிற இடத்தில் ஓர் அசோகத் தூண் நிற்கிறது. உச்சி வெயிலில் அதற்கு நிழல்கூட இல்லை. ஒரு மரம் கிடையாது. சின்னவனின் ஒரு செருப்பு மணலில் புதைந்துவிட்டது, அவன் காலைக் கீழே வைத்தான், அவ்வளவுதான், அந்த அலறல் இலங்கைக்கே கேட்டிருக்கும். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்தேன். ஒரு பக்கம் நுரை தள்ளிக்கொண்டு அடிக்கிறது, இன்னொரு பக்கம் குளம் மாதிரி கிடக்கிறது. அடிக்கிறதை ஆண் கடல் என்றும் அடங்கியிருப்பதைப் பெண் கடல் என்றும் இங்கே சொல்கிறார்கள். "அடங்கியிருக்கிறது பொம்பளையாம்" என்று அத்தையே முகத்தைச் சுளித்தார்.

திரும்பும் வழியில் பழைய தனுஷ்கோடி. பவளக்கல்லில் கட்டிய தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் நிற்கின்றன. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரே போனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் கடல் கொண்டுபோனது. இதையெல்லாம் வீட்டுக்காரர் சுவாரசியமாக விளக்கிக்கொண்டிருந்தார். பெரியவள் சுவரையே பார்த்தாள். "யாருப்பா வீட்டை உடைச்சது?" "கடல்." அதோடு சரி. அதன்பிறகு தண்ணீர் பக்கமே போக மாட்டேன் என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டாள். விவரம் தெரிந்த அப்பா இருந்தால் இப்படித்தான்.

அங்கேயே சாலையோரக் கீற்றுக் கொட்டகை ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். ஆட்டோக்காரர் முகம் மாறியது. டவுனில் அவருக்குத் தெரிந்த ஹோட்டலுக்குத்தான் போக வேண்டுமாம். போகவில்லை. நல்லவேளை! தட்டில் மீனை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார் ஓர் அக்கா. சீலா மீன் இருக்கிறதா என்று கேட்டேன். "தடைக்காலம்மா. விசைப்படகு ஒண்ணும் போகல. நாட்டுப்படகுல வந்ததுதான்" என்றார். ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் இனப்பெருக்கத்துக்காக. தெரிந்த விஷயம்தான், கிளம்பும்போது ஞாபகம் வரவில்லை. இரண்டு நகரை மீன் எடுத்தோம், ஒன்று 250 ரூபாய். பேரம் பேசினேன், 230-க்குக் கீழே இறங்கவில்லை.

குறுக்கே கீறி, மிளகாயும் மஞ்சளும் உப்பும் பூண்டும் அரைத்த விழுதைக் கீறலுக்குள் விரலால் திணித்து, இரும்புக் கல்லில் போட்டார். ஓரம் மொறுமொறுவென்று சுருண்டு, நடுவில் சதை வெள்ளைவெளேரென்று, முள்ளிலிருந்து தானாகக் கழன்று வந்தது. பிள்ளைகளுக்கு என்று சொல்லாமலேயே ஒரு துண்டை மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டுத் தனியாக வாட்டித் தந்தார். ரயிலில் இட்லியைத் துப்பிய சின்னவன் சோற்றோடு பிசைந்து வாங்கி வாங்கிச் சாப்பிட்டான். வேண்டுதலுக்கு வந்த அத்தை மட்டும் மோர் குடித்துக்கொண்டு எங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இதற்காகவே இன்னொரு முறை அந்த வெயிலில் போவேன்.

வெளியே ஹாரன். லாட்ஜ் வாசலில் இறங்கியதும் கணக்கு 1,400 ஆகியிருந்தது. வெயிட்டிங் 300, தேவாலயத்தில் நிறுத்தியதற்கு 200. "எல்லா இடமும் காட்டுறேன்னு சொன்னீங்களே?" "காட்டினேன்ல சார்? இறங்குனா தனி." இந்தப் பதிலுக்கு ஏதாவது பரிசு தரலாம். அரைமணி நேரம் வெயிலில் கத்தி, 1,150-க்கு முடிந்தது. அரிச்சல்முனைக்கு அரசுப் பேருந்தே போகிறது. தங்கைக்கு: பேருந்தில் போ, விடியற்காலையில் போ. ஆட்டோதான் வேண்டுமென்றால் ஏறும் முன் வெயிட்டிங்கையும் சேர்த்துப் பேசு.

மறுநாள் வில்லூண்டித் தீர்த்தம் போனோம், தங்கச்சிமடத்தில். கடலுக்குள் ஒரு நடைபாலம், அதன் கடைசியில் கிணறு. சுற்றிலும் உப்புத் தண்ணீர், கிணற்றில் இறைத்தால் நல்ல தண்ணீர். பெரியவள் ஒரு கை கடலையும் ஒரு கை கிணற்றையும் மாறி மாறி நக்கிப் பார்த்தாள். பயம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. சின்னவனுக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. வழியில் நுங்கு வாங்கினோம். சுளையைப் பிள்ளைகள் தின்றார்கள், தோலை அத்தை அவன் முதுகில் தேய்த்தார். சாயங்காலம் அரிப்பு அடங்கிவிட்டது. ஊரிலிருந்து நான் வாங்கிப்போன 180 ரூபாய் பவுடர் பையிலேயே இருக்கிறது.

இனி ஆரியமான். இந்தப் பயணத்தில் பிள்ளைகளுக்கு என்று அமைந்தது இது ஒன்றுதான், அதையும் கடைசி நாளில் போய்ப் பார்த்தோம். மண்டபம் தாண்டி உச்சிப்புளிப் பக்கம். ராமநாதபுரம் பேருந்தில் ஏறி, நெடுஞ்சாலையில் இறங்கி, ஆட்டோ பிடித்தோம். அவர் நூறு ரூபாய் வாங்கினார், பத்து மணிக்கு வரச் சொன்னோம், பத்து மணிக்கு வந்தார். ஆட்டோக்காரர்கள் எல்லோரையும் திட்டக்கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

சவுக்கு நிழல். அலையே இல்லை. இருபது முப்பது அடி உள்ளே போனாலும் எனக்கு முழங்கால் அளவுதான். சின்னவன் தண்ணீரில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். விரல் நீளக் குஞ்சு மீன்கள் அவன் கால் கட்டைவிரலைச் சுற்றி வந்தன, அவன் அசையவே இல்லை. பெரியவள் பத்தடி தள்ளி மணலில். நான் கூப்பிடவில்லை. "இது பொண்ணு கடலா?" "ஆமா." "வீட்டை உடைக்காதா?" பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "இப்பக் கச்சான் காத்து பாப்பா, அதான் அந்தப் பக்கம் ஆடுது. வாடைக்காத்துல வந்து பாரு, இது ஆடும், அது சும்மா கெடக்கும்." அதாவது தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் போய் வடகிழக்கு வாடை வந்தால், ஆணும் பெண்ணும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். அத்தைக்கு இதைக் கேட்டதில் பரம திருப்தி. பெரியவள் உட்கார்ந்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பாவாடை நனைந்ததும் எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். அப்புறம் அவளை வெளியே இழுக்கத்தான் பாடுபட்டோம். பத்தரைக்கு மேல் ஆட்டோக்காரரே "வெயில் ஏறுதுக்கா" என்று வந்து கூப்பிட்டார். வெயிட்டிங் கேட்கவில்லை. நாங்களாக ஐம்பது கொடுத்தோம்.

செலவுக் கணக்கு: மூன்று இரவு, ஐந்து பேர், மொத்தம் 13,600 ரூபாய். பாதிக்கு மேல் அறைக்கே போயிற்று. பன்னிரண்டாயிரம் என்று போட்டிருந்தோம்.

கொட்டகை அக்கா கிளம்பும்போது, "தடை முடிஞ்சு வாங்கம்மா, சீலா வறுத்துத் தாரேன்" என்றார். வந்ததும் நாட்காட்டியைப் பார்த்தேன். தடை ஜூன் 14 வரை. பெரியவளுக்கு ஜூன் முதல் வாரத்திலேயே பள்ளிக்கூடம் திறக்கிறது.