சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் படம்: கேம் கியர் பழுதுபார்ப்பு

நேராகப் பார்த்தால் வெற்றுத் திரை, தலைக்கு மேலே தூக்கிச் சாய்த்தால் நிழல்போல ஒரு படம், ஸ்பீக்கரில் காதை வைத்தாலும் கேட்காத ஒலி. சேகா நிறுவனத்தின் கையடக்க வீடியோ கேம் கருவியான கேம் கியரைத் திறந்து பார்த்தவர்கள் இவ்வளவையும் கேட்டுமுடிப்பதற்குள் ‘கெப்பாசிட்டர்’ (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் சிறு பாகம்) என்று சொல்லிவிடுவார்கள். சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்து, பிறகு எங்கள் வீட்டுப் பரணில் குடியேறிவிட்ட கருவிக்கும் அதே நோய்தான்.

கேம் கியர் 1990-இல் ஜப்பானில் வெளிவந்தது. முந்தைய ஆண்டு வந்த போட்டிக் கருவியான நின்டெண்டோவின் கேம் பாய்க்கு நான்கு பென்சில் செல் போதும். ஆனால் படத்தில் வண்ணம் கிடையாது, இருட்டில் விளையாடவும் முடியாது. கேம் கியருக்கு 3.2 அங்குல வண்ணத் திரை, அதற்குப் பின்னால் ஒரு குட்டிக் குழல்விளக்கு. அந்த விளக்குக்குத் தீனி போடவே ஆறு செல்கள் வேண்டும். அவையும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் காலி. விளக்குக்குப் போகும் மின்னழுத்தம் மிக அதிகம் என்பதால், திறந்த நிலையில் இயக்கும்போது அந்த மூலையில் விரலை வைக்கக் கூடாது. செல்லில் ஓடும் கருவிதானே என்ற அலட்சியம் இங்கே உதவாது.

எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் மின்சுற்றுப் பலகையின் மேற்பரப்பிலேயே ஒட்டவைக்கும் சிறிய அலுமினிய கெப்பாசிட்டர்கள் பரவலாயின. அவற்றுக்குள் ஊற்றிய திரவம் நாளடைவில் அடியிலிருக்கும் ரப்பர் அடைப்பைத் தாண்டி வெளியேறி, செம்புத் தடங்களை அரிக்கத் தொடங்கியது. கேம் கியர் மட்டுமல்ல, அக்கால மெக்கிண்டாஷ், அமிகா கணினிகளும் இதற்குப் பலியானவைதான். விளையாடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் தப்பிப்பதில்லை.

பின்மூடியைக் கழற்ற நட்சத்திரத் திருப்புளி மட்டும் போதாது. 4.5 மில்லிமீட்டர் கேம்பிட் என்ற தனி முனையும் வேண்டும். உள்ளே முதன்மைப் பலகை, மின்சாரப் பலகை, ஒலிப் பலகை என மூன்று. எதை எங்கிருந்து பிடுங்கினோம் என்பதற்கு ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்துக்கொண்டேன். திருகுகளை ஒரு தாளில் அவற்றின் இடத்துக்கேற்பக் குத்தி வைத்தேன்.

முதல் கெப்பாசிட்டரின் காலில் சால்டரிங் கோலை வைத்ததும் அழுகிய மீன் வாடை எழுந்தது. கசிந்திருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் அந்த வாடையே பதில். ஜன்னலைத் திறந்துவிட்டு வேலை செய்வது நல்லது. இடுக்கியால் பிடித்து முறுக்கிப் பிடுங்கலாம் என்று பலர் சொல்வார்கள். அரித்துப்போன பலகையில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. கால் ஒட்டியிருக்கும் செம்புப் பட்டையும் சேர்ந்து பெயர்ந்துவிடும். ஒவ்வொரு காலிலும் புது ஈயம் சேர்த்து, இரண்டு கோல்களை இருபுறமும் வைத்துச் சூடேற்றினால், சற்று நேரத்தில் கெப்பாசிட்டர் தானாகவே நகர்கிறது. அப்போது தூக்கிவிட வேண்டியதுதான்.

நிஜமான வேலை அதற்குப் பிறகுதான். கெப்பாசிட்டர் இருந்த இடத்தில் ஈயம் பளபளப்பை இழந்து சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது, சுற்றிலும் பிசுபிசுப்பு. இதன் மேலேயே புதியதை வைத்துப் பற்றவைத்தால் ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடும். ஒட்டினாலும் அரிப்பு அடியில் தொடரும். கசிவு காரத்தன்மை உடையது என்பதால், பஞ்சுக்குச்சியை வெள்ளை வினிகரில் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் மென்மையான பல்துலக்கும் பிரஷ் கொண்டு தேய்த்தேன். பழைய ஈயத்தை உறிஞ்சுதிரியால் எடுத்து, பட்டை செம்பு நிறம் காட்டும் வரை மறுபடியும் துடைத்தேன். கெப்பாசிட்டர் மாற்றினேன், இரண்டே மாதத்தில் பழையபடி ஆகிவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, துடைத்தீர்களா என்பதுதான்.

ஒலிப் பலகையில் சேதம் இன்னும் அதிகம். பச்சைப் பூச்சுக்கு அடியில் ஒரு தடம் கறுத்திருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் இரு முனைகளுக்கும் இடையே ‘பீப்’ இல்லை. சீலிங் ஃபேனுக்குக் காயில் கட்டும் கடையில் 36 கேஜ் செம்புக் கம்பி ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். முனைகளில் எனாமலைச் சுரண்டிவிட்டு, அறுந்த தடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பாலம் போட்டேன். மீட்டர் கூவியது.

புதிய கெப்பாசிட்டர்கள் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியவை. அலுமினிய வகையில் மைனஸ் பக்கம்தான் கறுப்புக் குறி. டான்டலம் என்ற இன்னொரு வகையில் கோடு போட்டிருப்பது பிளஸ் பக்கம். இரண்டையும் கலந்து போடுகிறவர்கள் இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம், ஏனென்றால் டான்டலம் திருப்பி மாட்டினால் தீப்பற்றக்கூடும். நான் அந்த வம்பே வேண்டாமென்று எல்லாவற்றையும் அலுமினியமாகவே போட்டேன். கசியாத செராமிக் வகையே மேல் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பழைய சுற்றில் பழைய வகையே இருக்கட்டும் என்பது என் விருப்பம்.

மூன்று பலகைகளையும் ஒரேயடியாக இணைக்காமல், மின்சாரப் பலகையைத் தனியாகச் சோதித்தேன். தர்க்கச் சுற்றுக்கான 5 வோல்ட் நிலையாக நின்றது; திரைக்கான உயர் அழுத்தமும் 30 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதன் பிறகே மற்றவை சேர்ந்தன.

சுவிட்சைத் தள்ளியதும் சேகா சின்னம் நேராகப் பார்க்கும்போதே தெரிந்தது. திரைப்பொலிவுச் சக்கரத்தைத் திருப்பினால் படம் வெளுத்துக் கறுத்தது. முன்பு அந்தச் சக்கரம் சும்மா சுழன்றது. ‘காலம்ஸ்’ விளையாட்டின் வண்ணக் கற்களில் சிவப்பையும் ஆரஞ்சையும் பிரித்தறிய முடிகிறது. வேகமாக நகரும் எதுவும் வால்விட்டபடிதான் போகிறது, அது இந்தத் திரையின் பிறவிக்குணம். இப்போது கிடைக்கும் மாற்றுத் திரைகளைப் போட்டால் வாலும் மறையும், செல்லும் அதிக நேரம் வரும். ஆனால் பழைய திரை வேலை செய்யும்வரை அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

ஸ்பீக்கர் ஒலி தெளிவு. ஹெட்போன் செருகினால் மட்டும் இடது காதில் கரகரப்பு. செருகியை லேசாகத் திருப்பினால் சரியாகிறது. ஆகவே கெப்பாசிட்டர் அல்ல, ஜாக்கின் காலில் ஈயம் விட்டிருக்க வேண்டும். அடுத்த ஞாயிறு ஒலிப் பலகையை மறுபடி வெளியே எடுக்கிறேன்.